தேரை நஞ்சும் இதயத் துடிப்பும்

நுழையும்முன்

மழைக்கால இரவில் வீட்டு முற்றத்தில் வந்தமரும் தேரையை விரும்பிப் பார்ப்போர் மிகச் சிலரே. அதன் தோலில் ஊறும் பாலை நஞ்சென்று அறிந்த மனிதன், அதனையே மருந்தாகவும் கையாண்டான். தளர்ந்த இதயத்திற்கு வலுவூட்டும் பொருளே நலமான இதயத்தை நிறுத்தவும் வல்லதாக இருப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

தேரையின் படைக்கலம்

தேரைக்குப் பற்கள் இல்லை. விரைந்தோடும் கால்களும் இல்லை. கண்களுக்குப் பின்னால் புடைத்துத் தோன்றும் இரு சுரப்பிகளே அதற்குக் காப்பு. பகை விலங்கு கவ்வும்பொழுது அவற்றிலிருந்து பால்போன்ற நீர் கசியும். அதனைத் திரட்டி உலர்த்திச் சீன மருத்துவர்கள் பல நூற்றாண்டுகளாகச் 'சான் சூ' என்னும் பெயரில் பயன்படுத்தி வந்தனர். தமிழகத்திலும் இலங்கையிலும் வாழும் ஆசியத் தேரையும் அம்மருந்துக்கு மூலமான இனங்களுள் ஒன்றாகும்.

அமெரிக்க அறிஞர்களான ஜான் ஜேக்கப் ஏபெல், டேவிட் மாக்ட் ஆகிய இருவரும் 1911, 1912ஆம் ஆண்டுகளில் வெப்பமண்டலப் பெருந்தேரையின் நஞ்சை ஆராய்ந்து, அதிலிருந்து அட்ரினலினையும் பூபாகின் என்னும் பொருளையும் படிகங்களாகப் பிரித்தெடுத்தனர். பூபாலின், சினோபூபாகின், மரினோபூபாஜெனின் எனப் பிற பொருள்களும் தேரை நஞ்சில் கண்டறியப்பட்டன. நான்கு வளையங்கள் கொண்ட ஸ்டீராய்டு உடலோடு ஆறு அணுக்களாலான லாக்டோன் வளையம் ஒன்றும் இணைந்திருப்பது இக்குடும்பத்தின் அடையாளம்.

இதயத்துள் நிகழ்வது

இதயச் செயலிழப்பு என்பது இதயம் முற்றிலும் நின்றுபோவதன்று. உடலுக்கு வேண்டிய அளவு குருதியை அனுப்ப இயலாமல் அது தளர்வதாகும். அதனால் நுரையீரலிலும் கால்களிலும் வயிற்றிலும் நீர் தேங்கும். மனிதரைப் போலவே நாய், பூனை முதலிய விலங்குகளும் இந்நோய்க்கு ஆளாகின்றன.

கசிந்து ஊறும் நீரை இடைவிடாது இறைக்கும் ஏற்றம் போன்ற ஒரு புரதம் ஒவ்வொரு செல்லின் உறையிலும் உண்டு. சோடியம்-பொட்டாசியம் பம்பு எனப்படும் அது, ஒவ்வொரு முறையும் மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொணர்கிறது. டென்மார்க் அறிஞர் ஜென்ஸ் கிறிஸ்டியன் ஸ்கோ நண்டின் நரம்பில் இதனைக் கண்டறிந்து 1957இல் வெளியிட்டார். 1997இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

தேரையின் ஸ்டீராய்டுகள் இந்தப் பம்பைத் தடுக்கின்றன. அதனால் செல்லினுள் சோடியம் மிகுகிறது. கால்சியம் வெளியேறுவது குறைகிறது. தங்கிய கால்சியம் செல்லின் சேமிப்பறைகளில் நிறைந்து, அடுத்த துடிப்பின்போது மிகுதியாக வெளிப்படுகிறது. எனவே, இதயத்தசை முன்னினும் வலுவாகச் சுருங்குகிறது. 1785இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங் நீர்க்கோவை நோய்க்கு மருந்தென விளக்கிய டிஜிட்டாலிஸ் செடியின் பொருள்களும் இவ்வழியிலேயே செயல்படுகின்றன.

குறுகிய எல்லை

மருந்தாகும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. பம்பு அளவுக்கு மீறித் தடுக்கப்பட்டால் கால்சியம் பெருகி, துடிப்பின் ஒழுங்கு குலையும், உயிரும் பிரியலாம். தேரையைக் கவ்விய நாய் எச்சில் ஒழுகி, தள்ளாடி, இதயத் துடிப்புச் சிதறி வீழ்வதற்குக் காரணம் இதுவே. 1993 முதல் 1995 வரை நியூயார்க் நகரில், தோலின்மேல் பூசுவதற்கென விற்கப்பட்ட ஒரு பொருளை விழுங்கிய ஐவருள் நால்வர் உயிரிழந்தனர். அப்பொருளில் தேரை நஞ்சின் ஸ்டீராய்டுகள் இருந்தன.

தெரிந்து தெளிவோம்

கரும்பைத் தாக்கும் வண்டுகளை ஒழிப்பதற்காக 1935இல் ஆஸ்திரேலியாவுக்குப் பெருந்தேரைகள் கொண்டுசெல்லப்பட்டன. வண்டுகள் ஒழியவில்லை. தேரைகளை உண்டு பழகாத வடக்குக் குவோல், உடும்பு முதலிய விலங்குகளே பெருமளவில் மடிந்தன.

எலி கற்பிக்கும் பாடம்

பூனையையும் நாயையும் கொல்லும் அளவினை எலி தாங்கிக்கொள்கிறது. எலியின் இதயத்திலுள்ள பம்பின் அமைப்பு சிறிது மாறுபட்டிருப்பதால் நஞ்சு அதனோடு எளிதில் இணைவதில்லை. தேரைகளும் அவற்றை உண்ணும் சில பாம்புகளும் இத்தகைய காப்பைப் பெற்றுள்ளன. ஆகவே, எலியிடம் தீங்கு செய்யாத மருந்து மனிதரிடமும் அவ்வாறே இருக்கும் எனக் கொள்வது பிழையாகும்.

மற்றொரு வியப்பும் உண்டு. மரினோபூபாஜெனின் பாலூட்டிகளின் உடலிலும் காணப்படுகிறது. சிறுநீரகம் பழுதுற்ற நிலையில் அதன் அளவு உயர்கிறது. பல நாள்கள் தொடர்ந்து அதனைச் செலுத்திய எலிகளின் இதயத்தில் நார்த்திசு பெருகி, தசை விறைப்படைந்தது. பம்பு அயனிகளைக் கடத்துவதோடு, செல்லுக்குள் செய்திகளையும் அனுப்புவதே இதற்குக் காரணம் என ஆய்வாளர் விளக்குகின்றனர்.

வலுவான துடிப்பு மட்டுமே நீண்ட வாழ்வு ஆகாது. டிஜிட்டாலிஸிலிருந்து பெறப்படும் டிஜாக்சினை ஏறத்தாழ 6800 நோயாளிகளிடம் ஆராய்ந்த பெரும் ஆய்வின் முடிவு 1997இல் வெளிவந்தது. மருத்துவமனையில் சேர்வோர் குறைந்தனர், இறப்பு குறையவில்லை. டிஜாக்சின் அளந்து தரப்படும் மருந்து. நோயாளியின் குருதியில் அதன் அளவையும் கணிக்க இயலும். தேரைப் பாலிலோ நஞ்சின் அளவு ஒவ்வொரு தேரைக்கும் வேறுபடும். இயற்கையில் கிடைப்பது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. எந்த உயிருக்கு, எந்த அளவில், எத்தனை நாள் என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே நஞ்சு மருந்தாகிறது.