"பார்த்துக்கொள்ளுங்கள், காக்கா!"

துபாயில் பணிபுரியும் என் தங்கையின் கணவர் சென்ற ஆண்டு மே மாதம் விடுப்பில் ஊர் வந்திருந்தார். "மச்சான், பிள்ளைகளோடு எல்லோரும் இரண்டு நாள் ஒரு கடற்கரை விடுதியில் தங்கி வருவோம். செலவு என்னுடையது" என்றார். மதரஸாவுக்கு விடுமுறைக் காலம்தான். எனினும் தயங்கினேன். உல்லாச விடுதி என்றாலே மதுவும் ஆட்டமும் என்றுதான் என் மனத்தில் பதிந்திருந்தது. "பேரப் பிள்ளைகளெல்லாம் இரண்டு நாள் ஒரே கூரையின் கீழ் இருக்கட்டுமே" என்று உம்மா சொன்ன பிறகு மறுத்துப் பேச வழியில்லை.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை நம்மவர்களுக்குப் புதியதன்று. கோவளத்தில் தமீமுல் அன்சாரி தர்காவுக்கு ஜியாரத் சென்று வந்த குடும்பங்கள் அநேகம். அதே கோவளத்தில் 1970களிலேயே ஒரு பெரிய கடற்கரை விடுதி எழுந்தது. இன்று மாமல்லபுரத்திற்கு அப்பாலும் இத்தகைய விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில்தான் தங்கினோம். பெரியவர்கள் ஏழு பேர், பிள்ளைகள் ஐவர். அவர்களில் மூத்தவள் ஒன்பது வயதான என் மகள். இளையது தங்கையின் எட்டு மாதக் கைக்குழந்தை.

ஓர் அறையின் ஓர் இரவு வாடகை என் அரை மாத ஊதியத்தை நெருங்கியது. அதைச் சொல்லிக் காட்டுவது விருந்துக்கு அழைத்தவருக்கு அழகன்று என்பதால் வாய்மூடி இருந்தேன்.

காலை பதினொரு மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். அறை கிடைப்பதோ பிற்பகல் இரண்டு மணிக்கு. பசித்த பிள்ளைகளைப் பளிங்குத் தரையில் மூன்று மணி நேரம் அடக்கி வைப்பது எத்தகைய பாடு என்பது தாய்மார்களுக்குத் தெரியும். கைக்குழந்தையின் பாலும் மாற்றுத் துணியும் வண்டியில் ஏற்றப்பட்ட பெட்டிகளுக்குள் போய்விட்டன. அவற்றைத் தனிப்பையில் கையோடு வைத்திருக்க வேண்டுமென்பது அப்போதுதான் உறைத்தது.

அறைக்குள் நுழைந்ததும் என் துணைவியார் முதலில் செய்த காரியத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். பால்கனியில் கிடந்த இரண்டு நாற்காலிகளையும் ஒரு சிறு மேசையையும் உள்ளே இழுத்துப் போட்டுக் கண்ணாடிக் கதவின் மேல் தாழைப் போட்டார். கைப்பிடிச் சுவர் உயரமானதுதான். ஆனால் நாற்காலி மீது ஏறி நிற்கும் பிள்ளைக்கு அது உயரமாகாது. அடுத்து, தேநீர்க் கெண்டியை அலமாரியின் மேல் தட்டுக்கு மாற்றினார். சிறு குளிர்பெட்டியில் இருந்த மதுப் புட்டிகளை எடுத்துச் செல்லுமாறு தொலைபேசியில் கேட்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேளாமல் ஐந்து நிமிடத்தில் ஒரு பையன் வந்து எடுத்துச் சென்றான். கேட்டால் செய்கிறார்கள், நாம்தாம் கேட்கக் கூச்சப்படுகிறோம்.

தொழுகைக்குத் திசை காண்பதில் சிரமமில்லை. இந்தக் கரையில் கடல் கிழக்கே இருக்கிறது. கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. கடலுக்கு முதுகு காட்டி நின்று, சிறிது வலப்புறம் திரும்பினால் போதும். உணவு விஷயத்தில், இறைச்சி ஹலால் தானா என்று சமையல் பொறுப்பாளரிடமே கேட்டோம். "கோழி மட்டும் சான்றிதழ் உள்ள இடத்திலிருந்து வருகிறது, மற்றவை பற்றி உறுதி சொல்ல இயலாது" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இரவுச் சாப்பாடு ஏழரை மணிக்குத்தான் தொடங்கும். அதற்குள் சிறு பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் இருந்தார்கள்.

இவையெல்லாம் சின்னஞ்சிறு தொல்லைகள். எழுத வந்தது வேறு.

இரண்டாம் நாள் அஸர் தொழுதுவிட்டு நீச்சல் குளத்தருகே போய் அமர்ந்தோம். சிறுவர் குளம் ஒன்றரை அடி ஆழம். பெரிய குளம் மூன்றடியில் தொடங்கி ஐந்தடிக்கு இறங்குகிறது. இரண்டுக்கும் இடையே வேலியில்லை. ஒரு திண்டும் நான்கு படிகளும் மட்டுமே. குழந்தைகளின் பாதுகாப்புப் பெற்றோரின் பொறுப்பு என்று பலகை இருந்தது. தங்கையின் நான்கு வயது மகன், புயங்களில் காற்று நிரப்பிய நெகிழி வளையங்களை மாட்டிக்கொண்டு சிறுவர் குளத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். கைக்குழந்தைக்குத் துணி மாற்ற அறைக்கு எழுந்த தங்கை, "காக்கா, இவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றாள். தலையசைத்தேன்.

தலையசைத்தேன், ஆனால் பார்க்கவில்லை. மச்சானோடு துபாய் வாடகை பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். உம்மா, என் துணைவியார், மச்சானின் தம்பி, அவர் மனைவி எல்லோரும் பத்தடிக்குள் இருந்தார்கள். ஒருவர் பார்ப்பதாக மற்றவர் நினைத்திருந்தோம். வளையங்களைக் கழற்றி வைத்துவிட்டு அவன் எப்போது திண்டைக் கடந்தான் என்பது எங்களில் எவருக்கும் தெரியாது.

"அவன் ஏன் வாப்பா வானத்தையே பார்க்கிறான்?" என்று என் மகள் கேட்டாள்.

திரும்பினேன். பெரிய குளத்தின் படியோரம் அவன் நேராக நின்றிருப்பது போலத் தெரிந்தது. முகம் மேல்நோக்கி இருந்தது. வாய் நீர்மட்டத்தில் இருந்தது. கண்கள் திறந்திருந்தன. கைகள் இரண்டும் நீரைக் கீழே அமுக்கிக்கொண்டிருந்தன. சத்தமில்லை. துளி நீர்கூடத் தெறிக்கவில்லை. எனக்குப் புரிவதற்குள் மச்சான் சட்டையோடு குதித்துத் தூக்கிவிட்டார். பிள்ளை இருமினான், வாந்தி எடுத்தான், பிறகு அழுதான். அந்த அழுகையைக் கேட்டுத்தான் எங்களுக்கு உயிர் வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

மருத்துவமனையில் இரவு வெகுநேரம் வரை வைத்திருந்து, மூச்சு சீராக இருப்பதைக் கண்ட பிறகே அனுப்பினார்கள். தண்ணீர் நுரையீரலுக்குள் சென்றிருந்தால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரக்கூடும் என்றும், இருமலோ அளவுக்கு மீறிய அயர்ச்சியோ கண்டால் உடனே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். தங்கை என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஊர் திரும்பிய பின் இது பற்றித் தேடிப் படித்தேன். நீரில் மூழ்குபவர் கையை வீசிக் கூக்குரலிடுவார் என்பது திரைப்படங்கள் நமக்குக் கற்பித்த பாடம். நியூயார்க் நகரின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா என்பவர், உண்மையில் மூழ்குபவர்களைக் கூர்ந்து கவனித்து எழுதியிருப்பது நான் கண்டதையே ஒத்திருந்தது. உடல் செங்குத்தாக நிற்கும். வாய் நீருக்கு மேல் வந்து வந்து மறையும். வெளிவரும் அந்தக் கணம் மூச்சை விட்டு இழுக்கவே போதாது. எனவே கூவ முடிவதில்லை. கைகள் தாமாகவே நீரை அமுக்கும். எனவே அசைத்துக் கூப்பிடவும் முடிவதில்லை. முற்றிலும் அமிழ்வதற்கு 20 முதல் 60 வினாடிகளே ஆகும். சிறு குழந்தைக்கு அதனினும் குறைவு.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகெங்கும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்துள்ளனர். அவர்களுள் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை.

இன்னோர் அபாயத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி, 2002இல் ஒரு வெந்நீர்த் தொட்டியின் அடியிலிருந்த வடிகுழாய் இழுத்துப் பிடித்துக்கொண்டதால் இறந்தாள். பெரியவர்கள் இழுத்தும் எளிதில் விடுவிக்க முடியவில்லை. அதன் விளைவாக 2007இல் அங்கே அவள் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. குளத்தின் அடியில் வடிகுழாயின் மூடி உடைந்திருந்தாலோ காணாமற்போயிருந்தாலோ பிள்ளைகளை இறக்காதீர்கள். பெண் குழந்தைகளின் கூந்தலைக் கட்டிவிடுங்கள்.

காற்று வளையங்கள் விளையாட்டுப் பொருள்களே. பாதுகாப்புச் சாதனங்கள் அல்ல. மூழ்கிய பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நம் பக்கத்து வழக்கம். அது கூடாது. மூச்சில்லையெனில் வாயோடு வாய் வைத்து ஊதுவதும் நெஞ்சை அழுத்துவதும்தாம் செய்யத்தக்கவை. மற்றொருவர் அந்நேரம் 108க்கு அழைக்க வேண்டும். மருத்துவமனைகளிலும் செஞ்சிலுவைச் சங்கத்திலும் இதைக் கற்றுத் தருகிறார்கள். நானும் என் துணைவியாரும் கற்றுக்கொண்டோம். அரை நாள் வேலைதான்.

மறுநாள் காலை புறப்படுவதற்கு முன் பிள்ளைகள் மீண்டும் குளத்துக்குப் போகக் கேட்டார்கள். வேண்டாம் என்றே எல்லோரும் சொன்னோம். உம்மாதான், "பயத்தோடு ஊருக்குப் போகக் கூடாது" என்று அழைத்துச் சென்றார்கள். போகும்போதே ஓர் ஏற்பாடும் செய்தார்கள். யாராவது ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும், அவர் எழுந்தால் அடுத்தவர் "இனி நான்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே எழ வேண்டும், தலையசைப்பு செல்லாது. பொறுப்பேற்றவர் பேசக் கூடாது. கைபேசி தொடக் கூடாது. என்னை முதலில் உட்கார வைத்தார்கள். கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு, எட்டினால் பிடிக்கும் தூரத்தில் அமர்ந்தேன். தங்கை மகன் படியில் இறங்காமல் சற்று நேரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு சிறுவர் குளத்தில் இறங்கினான்.

எங்கள் மதரஸாவை ஒட்டிய பள்ளிவாசலில் பழைய ஹவுள் ஒன்று உண்டு. ஆழம் நான்கடி, பாசி பிடித்த படிகள். மக்ரிபுக்கு முன் அறுபது பிள்ளைகள் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒளுச் செய்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. பதினேழு ஆண்டுகள் அந்தக் கரையில் நானும் ஒளுச் செய்திருக்கிறேன். ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. விடுமுறை முடிந்து மதரஸா திறந்த அன்றே ஜமாஅத் நிர்வாகத்திடம் பேசினேன். குழாய் வரிசை அமைக்கப் பணம் திரள வேண்டுமாம். அதுவரை உஸ்தாதுமார்கள் முறை வைத்து ஹவுளின் கரையில் நிற்கிறோம். திங்களும் வியாழனும் என் முறை.