பந்தைப் பறக்கவிட்டது பயிற்சியா, மருந்தா?

1998-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்க மக்களின் பேச்செல்லாம் இரண்டு பேஸ்பால் வீரர்களைப் பற்றியே இருந்தது. ஒருவர் மார்க் மெக்குவயர். மற்றவர் சாமி சோசா. 1961-இல் ரோஜர் மாரிஸ் என்ற வீரர் ஒரே பருவத்தில் 61 ஹோம் ரன்கள் அடித்திருந்தார். 37 ஆண்டுகளாக எவராலும் எட்ட முடியாதிருந்த அந்த எண்ணை அந்த ஆண்டில் இருவருமே தாண்டினர். மெக்குவயர் 70, சோசா 66!

ஹோம் ரன் என்பது ஏறத்தாழ நம் கிரிக்கெட்டின் சிக்சர் போன்றது. பந்து தரையைத் தொடாமல் மைதானத்தின் வேலியைத் தாண்டி விழவேண்டும். ஆனால் சிக்சரை விட அரிது. ஒரு பருவம் முழுவதும் ஆடி 40 ஹோம் ரன் அடித்தாலே அவர் பெரிய மட்டையாளர்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் செய்தியாளர் ஒருவர் மெக்குவயரின் அலமாரியில் ஒரு புட்டியைக் கண்டார். ஆண்ட்ரோஸ்டெனிடயோன் என்று அதன்மேல் எழுதியிருந்தது. இப்பொருள் உடலுக்குள் சென்றால் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் இயக்குநீராக மாறக்கூடியது. ஒலிம்பிக் அமைப்பு அதைத் தடை செய்திருந்தது. பேஸ்பால் தடை செய்யவில்லை. அன்று அமெரிக்கக் கடைகளில் யார் வேண்டுமானாலும் அதை வாங்க முடிந்தது. ஆகவே அந்தப் புட்டியைப் பொறுத்தவரை அவர் எந்த விதியையும் மீறவில்லை. உண்மையைச் சொன்னால், அன்று பலருக்குக் கோபம் வந்தது செய்தியாளர் மீதுதான்.

அடுத்து நடந்தது இன்னும் வியப்பானது. 1999-இல் மெக்குவயர் 65, சோசா 63. 2001-இல் சோசா 64. அதே 2001-இல் பாரி பாண்ட்ஸ் என்ற வீரர், தம் 37-ஆம் வயதில், 73 ஹோம் ரன்கள் அடித்தார். அதற்கு முன் ஒரு பருவத்தில் அவர் அடித்த மிக உயர்ந்த எண்ணிக்கை 49. முப்பத்தேழு ஆண்டுகள் அசையாமல் நின்ற எல்லை, நான்கே ஆண்டுகளில் ஆறு முறை உடைந்தது. சந்தேகம் எழாமல் இருக்குமா?

சந்தேகப்படுவது எளிது. மெய்ப்பிப்பது எப்படி? இங்கே அறிவியல் விடை சொல்லவேண்டிய கேள்விகள் இரண்டு. மருந்தால் இப்படிப்பட்ட விளைவு உண்டாக முடியுமா? முடியுமெனில், மருந்து உட்கொண்டவரைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

நான்கு வளையங்கள்

ஸ்டீராய்டு என்பது ஒரு தனிப் பொருளின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயர். கார்பன் அணுக்களால் ஆன நான்கு வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். மூன்று வளையங்களில் ஆறு ஆறு மூலைகள், நான்காவதில் ஐந்து. இந்தச் சட்டகம் இருந்தால் அது ஸ்டீராய்டு. நம் இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலும் இக்குடும்பமே. ஆஸ்துமாவுக்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டும் இக்குடும்பந்தான். ஆனால் அது தசையை வளர்க்காது. பெயர் ஒன்றாக இருப்பதால் அந்த மருந்தைக் கண்டு அஞ்சுவோர் பலர். அந்த அச்சம் தேவையில்லாதது.

விளையாட்டுலகில் பேசப்படுபவை அனபாலிக் ஸ்டீராய்டுகள். உடலைக் கட்டுபவை என்பது பொருள். இவற்றின் தலைவன் டெஸ்டோஸ்டிரோன். 1935-இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகவும் செய்தார்கள். செய்த இருவர், புட்டனண்ட், ருசிக்கா ஆகியோர், 1939-ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

டெஸ்டோஸ்டிரோன் தசையின் உயிரணுவுக்குள் நுழைந்து, அங்குள்ள ஏற்பி என்னும் புரதத்தோடு சேர்கிறது. பூட்டுக்குள் சாவி போல. சேர்ந்த இரண்டும் உட்கருவுக்குச் சென்று சில ஜீன்களை முடுக்கிவிடுகின்றன. உயிரணு கூடுதலாகப் புரதம் தயாரிக்கிறது, தசைநார் தடிக்கிறது.

எவ்வளவு தடிக்கும்? பல காலம் மருத்துவர்கள், "இம்மருந்தால் தசை வளர்வதற்குச் சான்று போதாது" என்றே சொல்லிவந்தனர். ஆட்டக்காரர்களோ உள்ளூரச் சிரித்துக்கொண்டனர். 1996-இல்தான் ஐயம் தீர்ந்தது. அமெரிக்காவில் சலேந்தர் பாசின் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் நாற்பது பேரளவில் நலமான ஆண்களை நான்கு பிரிவாக்கினர். சிலருக்கு வாரத்துக்கு 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் கூட்டுப்பொருள், அதாவது உடல் தானே சுரப்பதைப் போலப் பல மடங்கு. சிலருக்கு வெறும் எண்ணெய் ஊசி. ஒவ்வொன்றிலும் பாதிப்பேர் எடை தூக்கிப் பயிற்சி செய்தனர், பாதிப்பேர் செய்யவில்லை. பத்து வாரம் கழித்துப் பார்த்தால், பயிற்சி மட்டும் செய்தவர்களின் கொழுப்பற்ற உடல் எடை ஏறத்தாழ 2 கிலோ கூடியிருந்தது. பயிற்சியே செய்யாமல் மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 3 கிலோ! இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ.

வேலிக்கு அருகே விழும் பந்து

"தசை பெருத்தால் போதுமா? மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தை மட்டையில் வாங்கும் திறமையை ஊசி தருமா?" என்று ஆட்டக்காரர்களின் ஆதரவாளர்கள் கேட்டனர். நல்ல கேள்வி. தராது. ஆனால் திறமை ஏற்கெனவே உள்ளவருக்கு என்ன ஆகும்? டஃப்ட்ஸ் பல்கலைக்கழக இயற்பியலர் ரோஜர் டோபின் 2008-இல் வெளியிட்ட கணக்கு இங்கே உதவுகிறது.

தசை பத்து விழுக்காடு கூடினால் மட்டையின் வேகம் ஐந்து விழுக்காடளவு கூடும். மட்டையை விட்டுப் பறக்கும் பந்தின் வேகம் நான்கு விழுக்காடு கூடும். பந்து முன்பு விழுந்த இடத்தைவிட ஐந்தாறு மீட்டர் தள்ளி விழும். அவ்வளவுதான். 120 மீட்டர் போகும் பந்துக்கு ஐந்தாறு மீட்டர் ஒரு பொருட்டா?

ஒரு பள்ளியை எண்ணிப் பாருங்கள். ஆறடிக்கு மேல் உயரமுள்ள மாணவர் பத்துப்பேர் இருக்கலாம். ஆறடிக்குச் சற்றுக் குறைவாக இருப்பவரோ இன்னும் பலர். எல்லோரும் ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டால் பள்ளியின் சராசரி உயரம் பெரிதாக மாறாது. ஆனால் ஆறடியைத் தாண்டியவர் எண்ணிக்கை கிடுகிடுவென உயர்ந்துவிடும். ஹோம் ரன்னும் அப்படியே. நல்ல மட்டையாளர் அடிக்கும் பந்துகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் வேலியைத் தாண்டும். வேலிக்கு அருகே வந்து பிடிபடுபவை ஏராளம். ஐந்தாறு மீட்டர் கூடினால் அவையெல்லாம் வெளியே விழும். டோபினின் கணக்குப்படி ஹோம் ரன் விகிதம் 50 முதல் 100 விழுக்காடு வரை உயரக்கூடும்.

முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: முடியும். ஆனால் "முடியும்" என்பது வேறு, "இவர் செய்தார்" என்பது வேறு. எண்களை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டப் புகுந்தால் என்ன நேரும்? ரோஜர் மாரிசையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960-இல் அவர் அடித்தது 39, 1961-இல் 61, 1962-இல் 33. திடீர் உயர்வே சான்று என்றால் அவரையும் சந்தேகிக்கவேண்டும், எவரும் சந்தேகிப்பதில்லை. வயதே சான்று என்றால், 1973-இல் 39 வயதில் 40 ஹோம் ரன் அடித்த ஹாங்க் ஆரனை என்ன சொல்வது? இன்னொன்று: 2000-ஆம் ஆண்டில் எல்லா அணிகளும் சேர்ந்து அடித்தவை 5,693 ஹோம் ரன்கள். கடுமையான சோதனைகள் வந்து பல ஆண்டுகள் கழித்து, 2019-இல், அது 6,776 ஆயிற்று! ஆராய்ந்த அறிஞர் குழு பந்தையே முக்கிய காரணமாகக் காட்டியது. அவ்வாண்டுப் பந்துகளைக் காற்று முன்பைவிடக் குறைவாகவே தடுத்தது.

சிறுநீர் சொல்லும் கதை

ஆகவே சான்று ஆய்வுக்கூடத்திலிருந்துதான் வரவேண்டும். டெஸ்டோஸ்டிரோன் நம் உடலிலேயே சுரப்பது. சிறுநீரில் அது இருப்பது குற்றமன்று. பிறகு எப்படிப் பிடிப்பது?

உடலில் எபிடெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னொரு பொருளும் உண்டு. பெரும்பாலோருக்கு இரண்டும் சிறுநீரில் ஏறத்தாழ சம அளவில் வெளிவரும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் செலுத்தினால் ஒரு தட்டு மட்டும் தாழ்ந்துவிடும். விகிதம் ஆறுக்கு மேல் போனால் ஐயத்துக்குரியது என்று முதலில் வைத்தனர். 2005-இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அதை நான்காகக் குறைத்தது. இதிலும் இடர் உண்டு. பிறவியிலேயே ஒரு ஜீன் இல்லாத காரணத்தால் சிலருக்கு டெஸ்டோஸ்டிரோன் சிறுநீரில் மிகக் குறைவாகவே வெளிவரும். கிழக்காசியர்களிடையே இது மிகுதி. அவர்கள் மருந்து உட்கொண்டாலும் விகிதம் உயராமல் போகலாம். அதனால்தான் இப்போது ஒவ்வொரு வீரரின் பழைய அளவுகளையும் குறித்து வைத்து, அவரை அவரோடே ஒப்பிடுகிறார்கள்.

இதைவிட நுட்பமான சோதனை ஒன்று உண்டு. கார்பனில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சற்றுக் கனமான அணு கலந்திருக்கிறது, அது கார்பன்-13. நெல், கோதுமை, சோயா போன்ற பயிர்கள் கனமான கார்பனைக் குறைவாகவே ஏற்கும். சோளம், மக்காச்சோளம், கரும்பு ஆகியவை சற்றுக் கூடுதலாக ஏற்கும். நாம் இரண்டு வகையையும் கலந்து உண்கிறோம்; நம் உடல் செய்யும் டெஸ்டோஸ்டிரோனில் அந்தக் கலவையின் முத்திரை இருக்கும். தொழிற்சாலையில் செய்யும் டெஸ்டோஸ்டிரோனுக்கு மூலப்பொருள் பெரும்பாலும் சோயா. ஆகவே அதில் கார்பன்-13 குறைவு. மூலக்கூறின் வடிவம் ஒன்றே. பிறந்த ஊர் மட்டும் வேறு. கருவி அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

எய்பவர் சும்மா இருப்பாரா? கலிபோர்னியாவில் பால்கோ என்ற நிறுவனம் விளையாட்டு வீரர்களுக்கு இரண்டு பொருள்களைக் கொடுத்துவந்தது. ஒன்று களிம்பு. அதில் டெஸ்டோஸ்டிரோனோடு எபிடெஸ்டோஸ்டிரோனையும் சேர்த்திருந்தனர்; தட்டு தாழாமல் இருக்கத்தான்! மற்றொன்று தெளிந்த நீர்மம். அதிலிருந்தது எவரும் முன்பு கண்டிராத ஒரு ஸ்டீராய்டு. ஆய்வுக்கூடம் தன் பட்டியலில் உள்ள பொருள்களையே தேடும். படம் இல்லாத திருடனைக் காவலர் எப்படி அடையாளம் காண்பார்? போதாதற்கு, வழக்கமான சோதனையின் சூட்டில் அப்பொருள் சிதைந்தும் போயிற்று.

2003-இல் ஓட்டப்பந்தயப் பயிற்சியாளர் ஒருவர் பயன்படுத்திய ஊசிக்குழாய் ஒன்றை அதிகாரிகளுக்கு அனுப்பினார். அதன் அடியில் ஒட்டியிருந்த சில துளிகளிலிருந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வுக்கூடத்தின் டான் காட்லின் குழு அப்பொருளின் அமைப்பைக் கண்டறிந்தது. டெட்ராஹைட்ரோஜெஸ்டிரினோன் என்று பெயரிட்டது. அந்தக் குழாய் வராதிருந்தால் சோதனைகள் இன்னும் சில காலம் 'குற்றமில்லை' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். சோதனையில் தேறியவர் எல்லோரும் தூயவர் என்பதற்கும் உறுதியில்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

பெயர்ப் பட்டியல்கள்

பாண்ட்ஸ் 2003-இல் நீதிமன்ற விசாரணைக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். அவர் சொன்னதாக 2004-இல் செய்தித்தாள் வெளியிட்டது இது: தம் பயிற்சியாளர் கொடுத்த நீர்மத்தையும் களிம்பையும் பயன்படுத்தியது உண்மை, ஆனால் அவற்றை ஆளிவிதை எண்ணெய், மூட்டுவலித் தைலம் என்றே நினைத்திருந்தார். நீதியைத் தடுத்தார் என்று 2011-இல் அவருக்கு எதிராக வந்த தீர்ப்பு, 2015-இல் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது. தெரிந்தே ஸ்டீராய்டு எடுத்ததாக அவர் ஒப்புக்கொண்டதில்லை. மெக்குவயர் 2010-இல் ஒப்புக்கொண்டார்.

பேஸ்பால் நிர்வாகம் தூங்கியது என்றே சொல்லவேண்டும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜான்சன் ஸ்டீராய்டால் தங்கத்தை இழந்ததை உலகமே பார்த்தது. பேஸ்பாலில் 2003 வரை முறையான சோதனையே இல்லை. வீரர் சங்கம் எதிர்த்தது. அரங்கங்களோ நிரம்பி வழிந்தன. 2003-இல் முதற்சோதனையைப் பெயர் வெளியிடாமல், தண்டனையும் இல்லாமல் நடத்தினர். ஐந்து விழுக்காட்டுக்கு மேல் சிக்கினால் அடுத்த ஆண்டு முதல் உண்மையான சோதனை என்பது ஒப்பந்தம். ஐந்துக்கும் ஏழுக்கும் இடைப்பட்டவர் சிக்கினர். 2005 மார்ச்சில் நாடாளுமன்றக் குழு வீரர்களைக் கூப்பிட்டு விசாரித்தது. அதே கூட்டத்தில், ஸ்டீராய்டு பழகித் தற்கொலை செய்துகொண்ட இளைஞர்களின் பெற்றோரும் பேசினர். இம்மருந்துகளால் கல்லீரல் கெடும்; நல்ல கொலஸ்டிரால் குறையும்; இதயத் தசை தடிக்கும்; விரைகள் சுருங்கும். வளரும் வயதில் எடுத்தால் எலும்பின் வளர்முனைகள் முன்கூட்டியே மூடிக்கொண்டு உயரம் நின்றுவிடும். குழுவின் முன் விரலை நீட்டி, தாம் ஒருபோதும் எடுத்ததில்லை என்ற ரபேல் பால்மேரோ, ஐந்து மாதத்துக்குள் சோதனையில் சிக்கினார். இன்று முதன்முறை சிக்கினால் 80 ஆட்டங்களுக்குத் தடை.

வெளியிடாமல் வைத்திருப்பதாகச் சொன்ன 2003-ஆம் ஆண்டுப் பெயர்கள் 2009-இல் ஒவ்வொன்றாகக் கசிந்தன. அவற்றில் அலெக்ஸ் ரோட்ரிகஸ் உடனே ஒப்புக்கொண்டார். டேவிட் ஓர்ட்டிஸ் மறுத்தார். பட்டியலில் பத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் பற்றி அறிவியல் ஐயம் இருந்ததாக 2016-இல் பேஸ்பால் ஆணையரே கூறினார். எந்தப் பொருளுக்காகச் சிக்கினார் என்றுகூட ஓர்ட்டிசுக்கு எவரும் சொல்லவில்லை. 2022-இல் புகழ் மண்டபத்துக்கான வாக்கெடுப்பில் அவர் முதல் முறையிலேயே தேர்வானார். அதே வாக்கெடுப்பில் பாண்ட்சுக்குக் கிடைத்தது 66 விழுக்காடு, தேவை 75. பத்தாவது, கடைசி வாய்ப்பும் போயிற்று.

அதே ஆண்டு ஆரன் ஜட்ஜ், சோதனைகள் எல்லாம் வந்த காலத்து வீரர், 62 ஹோம் ரன் அடித்தார். உண்மையான சாதனை இதுவே என்று மாரிசின் மகன் அறிவித்தார். சாதனை ஏட்டில் முதலிடத்தில் இருப்பது 73 தான்.