குதிரையும் மா, மரமும் மா

மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது ‘மா’ என்று சொல்லிப் பாருங்கள்.

வந்தது ‘மா’தானா? ஜலதோஷம் பிடித்த ‘பா’ மாதிரி ஏதோ ஒன்று வந்திருக்கும். விரலை எடுத்தால் ‘மா’ திரும்பிவிடும். ப, ம இரண்டுக்கும் உதடு செய்கிற வேலை ஒன்றுதான், மூடித் திறப்பது. ஆனால் மேலண்ணத்தின் பின்பக்கம் மெத்தென்று ஒரு சதை இருக்கிறது. அது மூக்குக்குப் போகும் வழியை அடைத்தால் ‘ப’, திறந்துவிட்டால் ‘ம’. தொல்காப்பியர் இதை அன்றே கவனித்துவிட்டார். இரண்டும் உதட்டில் பிறப்பவை என்றவர், மெல்லெழுத்துகளுக்கு மூக்கின் காற்றும் வேண்டும் என்று சேர்த்துச் சொல்கிறார்.

இவ்வளவு சுலபமான ஒலியை எந்த மொழிதான் சும்மா விடும்? தமிழில் ஒரே எழுத்தாக நிற்கும் சொற்கள் 42 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. மெய்யெழுத்துகளில் அதிகம் கொடுத்தது ம வரிசைதான். மா, மீ, மூ, மே, மை, மோ என்று ஆறு. அந்த ஆறில் மூத்த பிள்ளை ‘மா’வுக்கு வேலை எக்கச்சக்கம். அது மாமரம். அரைத்தெடுத்த மாவு. யாழ்ப்பாணத்துச் சமையலறையில் இன்றும் ‘வு’ சேர்க்காமல் கோதுமை மா, அரிசி மா என்றுதான் சொல்வார்கள். மாநகரம் என்னும்போது ‘பெரிய’. அரிமா என்னும்போது விலங்கு.

அது ஒரு எண்ணும்கூட! பழைய தமிழ்க் கணக்கில் மா என்றால் இருபதில் ஒரு பங்கு (1/20), காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு (1/80). இரண்டையும் கூட்டுங்கள். 4/80 + 1/80 = 5/80, அதாவது 1/16. அதன் பெயர் மாகாணி. தஞ்சாவூர்ப் பக்கம் வயலையும் மாவில்தான் அளப்பார்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. வேலியில் இருபதில் ஒரு பங்கு என்பதால் நிலத்துக்கும் அதே பெயர். “எங்களுக்கு மூணு மா நிலம்” என்று யாராவது சொன்னால் ஏறத்தாழ ஓர் ஏக்கர் என்று புரிந்துகொள்ளுங்கள். மூன்று மாமரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

எல்லையைத் தாண்டினால் கூத்து இன்னும் பெரிது. தெலுங்கில் ‘மா’ என்றால் எங்கள். வங்காளத்தில் அம்மா. சமஸ்கிருதத்தில் ‘கூடாது’. ஹீப்ரூவில் ‘என்ன?’. ஃபின்லாந்தில் நிலம், நாடு. ஜப்பானில் இடைவெளி. சீனாவில் என்ன என்று கேட்டால், “எந்த மெட்டில் சொல்கிறாய்?” என்று திருப்பிக் கேட்பார்கள்.

தொண்டையில் விரலை வைத்து ‘மா’ என்று இழுத்தால் உள்ளே அதிர்வது தெரியும். அதிர்பவை குரல்நாண்கள். வளர்ந்த ஆணுக்கு விநாடிக்குச் சுமார் 120 தடவை, பெண்ணுக்கு 200, சின்னக் குழந்தைக்கு 300 தடவை அதிரும். நாணை இறுக்கினால் அதிர்வு கூடிச் சுருதி ஏறும். தமிழில் சுருதி மாறினால் மனநிலைதான் மாறும். “அம்மா?” என்று கேட்டாலும், “அம்மா!” என்று அலறினாலும் அம்மா அம்மாதான். சீனாவின் மாண்டரின் மொழியில் சுருதி மாறினால் ஆளே மாறிவிடுவார். உச்சத்தில் சமமாக நீட்டினால் அம்மா. கீழிருந்து ஏற்றினால் சணல். இறக்கி ஏற்றினால் குதிரை. மேலிருந்து வெட்டி இறக்கினால் திட்டு. மெட்டே இல்லாமல் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டினால் நம் ‘ஆ’ போல வெறும் கேள்வி. ஐந்து ‘மா’வைச் சரியான மெட்டில் வரிசையாகச் சொன்னால், “அம்மா குதிரையைத் திட்டுகிறாரா?” என்று ஒரு முழு வாக்கியமே கிடைத்துவிடும்!

எழுத்திலும் இந்தக் குதிரை விடாது. சீனத்தில் ‘அம்மா’ என்று எழுத, பெண்ணைக் குறிக்கும் வடிவத்தின் பக்கத்தில் குதிரை வடிவத்தைப் போடுவார்கள். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். பெண் பொருளைச் சொல்கிறது. குதிரை ‘மா’ என்ற ஒலியை மட்டும் சொல்கிறது. திட்டுவதற்குக் குதிரையின் தலைமேல் இரண்டு வாய். பொருத்தம்தான், திட்ட ஒரு வாய் போதாதே!

தாய்லாந்திலும் இந்த ஆட்டம் உண்டு. சமமாகச் சொன்னால் ‘வருவது’ என்று பொருள், சுருதியை உயர்த்தினால் குதிரை, கீழிருந்து ஏற்றினால் நாய். ‘குதிரை வருது’ என்று சொல்ல நினைத்து ‘நாய் வருது’ என்று சொல்லும் வெளியூர்க்காரர்களைப் பார்த்து அந்த ஊர்க் குழந்தைகள் சிரிக்காமலா இருப்பார்கள்?

சீனக் குதிரையைப் பற்றி முதன்முதலில் படித்த அன்று நான் துள்ளிக் குதித்தேன். பழந்தமிழிலும் குதிரைக்கு ‘மா’ என்று பெயர் உண்டே! நம் சொல் சீனாவுக்கு ஓடிவிட்டதா? அவர்கள் சொல் இங்கே வந்ததா? கொஞ்சம் விசாரித்ததும் துள்ளல் அடங்கிவிட்டது. கைம்மா என்றால் யானை, அரிமா என்றால் சிங்கம். ஆக, தமிழ் மா பொதுவாக விலங்கு. குதிரை அதில் ஒன்று. சீன மா குதிரை மட்டும்தான். அதோடு, மங்கோலியர் குதிரையை ‘மோரி’ என்கிறார்கள், கொரியர் ‘மல்’ என்கிறார்கள். பழைய சீனத்தில் அந்தச் சொல்லில் ம-வை ஒட்டி ஒரு ‘ர’ ஒலி இருந்தது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். காலத்தில் பின்னோக்கி நடக்க நடக்க, சீனக் குதிரை மங்கோலியா பக்கம் நெருங்குகிறது. தமிழ் மாவை விட்டு விலகுகிறது.

மொழி ஆராய்ச்சியில் இதுதான் சோதனை. உறவுக்காரச் சொற்கள் பின்னோக்கிப் போனால் ஒன்றையொன்று நெருங்கும். சும்மா ஒரே சாயலில் இருப்பவை பிரிந்துவிடும். உலகில் மொழிகள் ஏழாயிரம் போல இருக்கின்றன, வாயோ எல்லாருக்கும் ஒரே மாதிரி. மோதிக்கொள்ளாமல் எப்படி இருக்கும்?

சாயலே இல்லாமல் உறவு இருப்பதும் உண்டு. இத்தாலியில் ‘மா’ என்றால் ‘ஆனால்’. பின்னோக்கிப் போனால் அது லத்தீனில் ‘மாகிஸ்’, ‘இன்னும் அதிகம்’ என்று பொருள். மகாத்மாவில் வரும் சமஸ்கிருத ‘மகா’, மெகாபைட்டில் வரும் கிரேக்க ‘மெகா’ இரண்டும் அதற்குப் பங்காளிகள். நம் மாநகரத்தின் ‘மா’வும் இந்தக் கூட்டமா என்றால், அதில் அறிஞர்கள் இரண்டு கட்சி.

அம்மாவை இந்தச் சோதனைக்குள் கொண்டுவர முடியாது. உறவே இல்லாத மொழிகளிலும் அம்மாவுக்கு ம வருகிறது. ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் சொன்ன காரணம் நம் மூக்குச் சோதனைக்கு நேர் எதிர்ப்பக்கம். பால் குடிக்கும் குழந்தையின் வாய் அடைபட்டிருக்கும். அப்போது அது குரல் கொடுத்தால் காற்றுக்கு மூக்கு ஒன்றுதான் வழி. ‘ம்ம்ம்’ என்று வரும். பசிக்கும்போதும் அதே ஒலி. யாரைக் கூப்பிடுகிறது என்று பெரியவர்கள்தான் முடிவு செய்தார்கள். ஜார்ஜியா நாட்டில் முடிவு வேறு. அங்கே ‘மாமா’ என்றால் அப்பா! அம்மாவுக்கு ‘தேதா’. நம் ஊரில் மாமா யார் என்று உங்களுக்கே தெரியும்.

நம் மாமரம் மட்டும் நிஜமாகவே பயணம் போனது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு, போர்ச்சுகீசியர் மேற்குக் கரையில் மாங்காயைக் கண்டார்கள், ருசித்தார்கள், பெயரையும் ‘மங்கா’ என்று எடுத்துக்கொண்டார்கள். ஆங்கில ‘மேங்கோ’ அதிலிருந்து வந்தது. 1753இல் லின்னேயஸ் மரத்துக்கு வைத்த அறிவியல் பெயர் ‘மாஞ்சிஃபெரா இண்டிகா’. முதல் சொல்லுக்கு ‘மாங்காய் சுமப்பது’ என்று பொருள். உலகத்துத் தாவரவியல் புத்தகங்களில் எல்லாம் நம் மா நிற்கிறது.

ஆனால் போர்ச்சுகலில் வேறொரு ‘மங்கா’ ஏற்கெனவே இருந்தது. அதற்குச் சட்டைக் கை என்று பொருள். லத்தீனிலிருந்து வந்த சொல், மாங்காயோடு சொந்தமே கிடையாது. அந்த ஊர்ப் பையன் மாம்பழத்தைக் கடித்து, சாறு முழங்கைவரை ஒழுகிவிட்டால், அவன் ‘மங்கா’ முழுக்க ‘மங்கா’.