மலையகக் கல்வியில் தச்சும் கட்டட வேலையும் வரைதலும்: ஒரு சமூகவியல் நோக்கு

தமிழில் நூல் என்னும் சொல் இருபொருள் உடையது. தச்சன் மரத்தின்மேல் பிடித்துக் குறியிடும் கயிறும் நூல். புலவன் இயற்றும் ஏடும் நூல். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே இவ்விரண்டையும் இணைத்து, மரத்தின் கோணலைத் தச்சனது நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலைக் கல்விநூல் தீர்க்கும் என விளக்குவர். நெடுநல்வாடையும், அரண்மனைக்கு மனை வகுக்குமிடத்து, நிழல்கொண்டு திசையறிந்து நூலிட்டு அளந்தவர்களைப் போற்றிக் கூறுகின்றது. இலக்கண ஆசிரியர் உவமைக்காகத் தச்சனின் பட்டறையை நாடினார். ஆனால் தச்சனின் நூல் பள்ளிக்கூடத்திற் பாடமாகவில்லை. அது சாதித் தொழிலாகத் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. ஏட்டறிவும் கைத்திறனும் இவ்வாறு வெவ்வேறு வீடுகளில் வளர்ந்தமை தற்செயலான நிகழ்ச்சியன்று; உழைப்பு வகுக்கப்பட்டிருந்த முறையின் விளைவு அது.

இடைநிலை வகுப்புகளிலே மரவேலை, கட்டட நிர்மாணம், கட்டட வரைதல் ஆகியவற்றைக் கற்பிப்பதன் பொருளை, இறம்பொடை போன்ற மலைச்சரிவுத் தோட்டப் பகுதிகளை மனங்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இப்பாடங்களின் பயனை வேலைவாய்ப்பு என்ற ஒன்றினால் மாத்திரம் அளப்பது வழக்கம். அவ்வளவுகோல் போதாதென்பது எமது கருத்து. தான் வாழும் வீட்டின் வரைபடத்தை வாசிக்கவும் வரையவும் வல்ல சமூகமே தன் வாழிடம் பற்றிப் பிறர் எடுக்கும் முடிவுகளிற் பங்குகேட்க முடியும்.

1

கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியான 'மூலதனம்' முதற்பாகத்திலே தேனீயையும் கட்டடக் கலைஞனையும் ஒப்பிட்டுள்ளார். தேனீயின் கூடு மனிதக் கலைஞர் பலரை நாணச் செய்யக்கூடியது. ஆயினும் மிகச் சாதாரணமான கட்டடக் கலைஞன்கூட, கட்ட இருப்பதை முதலிலே தன் மனத்தில் எழுப்பிப் பார்க்கிறான்; இதுவே மனித உழைப்பின் தனித்தன்மை என்பது அவர் வாதம். கட்டடத் தொழிலில் அம்மனவுருவம் கண்ணுக்குப் புலனாகும் இடம் வரைபடமாகும். ஆகவே வரைபடம் ஒருவர் கையிலும் கல்லும் மண்ணும் இன்னொருவர் கையிலும் நிலையாக ஒப்படைக்கப்படும்போது, இரண்டாமவரின் உழைப்பிலிருந்து அதன் மனிதக்கூறே பிரித்தெடுக்கப்படுகின்றது.

1866இல் ஜெனீவாவிற் கூடிய சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் மாநாட்டுக்கு மார்க்ஸ் எழுதியளித்த அறிவுறுத்தல்கள், அறிவுக்கல்வி, உடற்கல்வி, தொழினுட்பக் கல்வி என்னும் மூன்றும் ஒருங்கே அளிக்கப்படல் வேண்டும் என்றன. உற்பத்தியின் பொதுத் தத்துவங்களை அறிதலும் எளிய கருவிகளைக் கையாளுதலும் அவர் கருதிய தொழினுட்பக் கல்வியின் இரு கூறுகளாம். ஒரே தொழிலில் ஒருவனைப் பூட்டிவைக்கும் பயிற்சி அதனின் வேறு. இவ்வேறுபாடே நமக்கு உரைகல்லாக அமைகின்றது.

2

இலங்கையிலே கல்வியைக் கைத்தொழிலோடு இணைக்கும் முயற்சிகள் புதியன அல்ல. 1930களில் கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெசவில் தொடங்கிய கிராமியக் கல்வித் திட்டம், பயிர்ச்செய்கையையும் கைப்பணியையும் பள்ளி வாழ்வின் மையமாக்க முனைந்தது. சென்னை மாகாணத்தில் 1953இல் இராஜாஜி அரசு, ஆரம்பப் பாடசாலை நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றது. பெரியாரும் பிறரும் அதனைக் குலக்கல்வி எனக் கண்டித்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. தச்சன் மகனைத் தச்சனாகவே நிறுத்துவதற்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தச்சைக் கற்பிப்பதற்கும் உள்ள தூரத்தை இப்போராட்டம் தமிழ் மக்களுக்கு நன்குணர்த்திற்று.

1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் இவ்வகையிலே தனிக் கவனத்துக்குரியது. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை தொழில் முன்னிலைப் பாடங்கள் கட்டாயமாயின. பிரதேசத்துக்குரிய தொழில் ஒன்றும் கேத்திரகணித, பொறிமுறை வரைதலும் அவற்றுள் இடம்பெற்றன. நகரத்துப் பெரிய கல்லூரி மாணவனும் கிராமத்து மாணவனும் ஒருங்கே கற்கவேண்டும் என்ற பொதுமையே இத்திட்டத்தின் வலிமை. கருவிகளும் பயிற்சிபெற்ற ஆசிரியரும் போதாமை அதன் குறை. உயர்பதவிக்கான வழி வேறு பாடங்களிலே இருப்பதைக் கண்ட பெற்றோரின் ஐயமும் அதனைத் தளர்த்திற்று. 1977இல் ஆட்சி மாறியபின் அது கைவிடப்பட்டது.

மலையகத்தில் நிலைமை யாது? அன்றைய தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்புக்கு மேற்படாதவை. தோட்ட நிருவாகத்தின் கீழ் இயங்கியவை. ஆறாம் வகுப்பிலே தொடங்கும் பாடம் அங்கு எவ்வாறு நுழைய முடியும்? கம்பெனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின; பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றல் 1977இலேயே தொடங்கியது. நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்கு உளியும் வரைகோலும் கட்டாயமாயிருந்த ஆண்டுகளிலே தோட்டப்பிள்ளை அவ்வகுப்பின் வாயிலை அடையவில்லை. அவனுடைய பாடசாலை அரசின் கைக்கு வந்தபோது அவ்வகுப்பே மூடப்பட்டுக்கொண்டிருந்தது. மலையகக் கல்வி வரலாற்றைத் தேசியக் கல்வி வரலாற்றின் ஓர் அடிக்குறிப்பாக எழுதுவோர் இக்காலமுரணைக் கவனிப்பதில்லை.

3

இனி, இப்பாடம் தோட்டப்புறத்து மாணவருக்கு என்ன செய்யவல்லது என்பதை எடுத்துக்காட்டால் விளக்குவோம். மரபான லயன் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. பரப்பு 120 சதுர அடி. இதனை 1:50 என்னும் அளவிடையில் வரைந்தால் தாளிலே ஏறத்தாழ 6.1 சென்ரிமீற்றருக்கு 7.3 சென்ரிமீற்றர் வரும். உள்ளங்கையில் அடங்கும் கட்டம். அதனுள் கட்டில், அடுப்பு, பெட்டி, கதவு என்பவற்றை அதே அளவிடையிற் குறிக்குமாறு மாணவரைக் கேட்போமாயின், அறுவர் உறங்குவதற்கான இடம் தாளிலே எஞ்சாமை கண்கூடாகும். முதுகோடு முதுகு பொருந்திய இரட்டை லயனின் வெட்டுமுகத்தை வரையும் மாணவி, பின்சுவரில் சாளரம் அமைக்க வழியே இல்லாததையும், அடுப்புப் புகை முன்வாயிலையே நாடவேண்டியிருப்பதையும் காண்பாள். வழக்கமென்று ஏற்கப்பட்டிருந்த ஒன்று, ஒருவர் ஒரு காலத்தில் ஒரு நோக்கத்தோடு வரைந்த திட்டமென்று அப்போது தெளிவாகும்.

சரிவுநிலம் பற்றிய பாடமும் இத்தகையதே. கண்டி - நுவரெலியா வீதியில், கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு மேலாக எழுகின்ற இறம்பொடை மலைகளிலே சமநிலம் அரிது. நான்கடிக்கு ஓரடி உயரும் சரிவில், முன்னிருந்து பின்வரை இருபதடி ஆழமுள்ள வீடொன்றைக் கட்டக் கருதினால், முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இடையே ஐந்தடி உயர வேறுபாடு உண்டு. பின்புறத்தை ஐந்தடி வெட்டலாம்; முன்புறத்தை ஐந்தடி நிரப்பலாம்; அல்லது இரண்டையும் பகிரலாம். வெட்டினால் பின்னே நிற்கும் மண்சுவரைத் தாங்கவேண்டும். நிரப்பினால் இளகிய மண்மேல் அத்திவாரம் அமரும். இரண்டிலும் மழைநீருக்கு வழி விடப்படல் வேண்டும். தலைமுறைகளாகக் கான்வெட்டி மலையின் நீரோட்டத்தை நெறிப்படுத்திய தொழிலாளிக்கு இவ்வறிவின் ஒரு பகுதி ஏற்கெனவே உரியது. கல்லடுக்கித் தாங்குசுவர் எழுப்பியவரும் அவரே. அவர் அறிவு கைப்பழக்கமாகவே மதிக்கப்பட்டது. பாடசாலை அதனைக் கணிதமாகவும் வரைபடமாகவும் எழுதிக்காட்டவில்லை.

இதன் முக்கியத்துவத்தை மிகைப்படுத்துகிறோம் அல்லேம். 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை, மீரியபெத்தையிலே மண்சரிவு லயன்களைப் புதைத்தது. ஆபத்து முன்னரே சுட்டிக்காட்டப்பட்டிருந்த இடம் அது. அறிவு மாத்திரம் உயிர்காக்காது, குடிபெயர வேறு நிலம் வேண்டும் என்பதையும் அந்நிகழ்ச்சி காட்டுகின்றது. சி. வி. வேலுப்பிள்ளை தமது நாவலுக்கு 'வீடற்றவன்' எனப் பெயரிட்டமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. ஆயினும் நிலவுரிமை கோருவோர் கையில் எந்தச் சரிவு, எவ்வளவு சரிவு, எங்கே நீர் என்று குறித்த படமிருப்பின், கோரிக்கையைத் தட்டிக்கழித்தல் எளிதன்று.

இந்திய உதவியுடன் மலையகத்திற் கட்டப்படும் தனிவீடுகள் சுமார் 550 சதுர அடி கொண்டவை. பழைய அறையைப்போல் நான்கரை மடங்குக்குச் சற்று மேல். 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. இது முன்னேற்றமே. எனினும் திட்டப்படம் குடியிருப்போர் கையில் வரையப்பட்டதன்று. நாளை குடும்பம் பெருகும்போது எச்சுவரை உடைக்கலாம், எதை உடைத்தல் ஆகாது என்பதை அவர் அறிதல் வேண்டாமா?

4

இன்று க.பொ.த. சாதாரண தரத்தில் வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும் தெரிவுப்பாடமாக உள்ளது. உயர்தரத்தில் 2013இல் தொழினுட்பவியல் துறை தொடங்கியது; 2017இல் அறிமுகமான பதின்மூன்றாண்டு உத்தரவாதக் கல்வி தொழிற்றுறைப் பாடங்களைச் சேர்த்தது. ஏட்டளவில் வாயில் திறந்துள்ளது. ஆனால் பட்டறை இல்லாத பாடசாலையிலே இப்பாடம் கரும்பலகைச் சித்திரமாகச் சுருங்கும். துளையும் கழுந்தும் பொருந்துவதைக் காதாற் கேட்டு எவரும் கற்றதில்லை.

இரண்டாவது ஆபத்து மேலும் நுட்பமானது. பரீட்சையிற் பின்தங்கியோரை ஒதுக்கும் இடமாகத் தொழிற்பாடத்தை ஆக்குதல், குலக்கல்வியை வேறு பெயரில் மீட்பதாகும். தொழிற்பள்ளிகள் பெருகுவதைச் சனநாயகமெனக் கருதுவது மயக்கமென்றும், ஒவ்வொரு வர்க்கத்துக்கும் ஒவ்வொரு பள்ளியெனில் வர்க்கப் பிரிவே நிலைக்குமென்றும் அந்தோனியோ கிராம்சி எச்சரித்தார். மாணவிகளுக்கு மனையியல், மாணவருக்கு மரவேலை என்ற பகுப்பும் இவ்வாறே நீக்கப்படவேண்டியது. தோட்டத்து உழைப்பின் பெரும்பாரத்தையும் அடுப்படியின் முழுப்பாரத்தையும் சுமப்பவள் பெண். வீட்டின் அமைப்பு பற்றிக் கூறத்தக்க அனுபவம் அவளிடமே மிகுதி.

எனவே மூன்று விடயங்களை முன்வைக்கின்றோம். கருவிகள் வரும்வரை காத்திராது, அளவுநாடாவும் தாளும் கொண்டு வரைதலை முதலிலே தொடங்கலாம். தோட்டத்துத் தச்சரையும் மேசன்மாரையும் பட்டறைப் போதகராக வகுப்புக்கு அழைக்கலாம். தேயிலைக்கு நிழலாக வளர்த்து வெட்டப்படும் சவுக்கு மரம் பயிற்சிக்குப் போதும். இப்பாடத்தைக் கணிதத்தோடும் தமிழோடும் சேர்த்தே கற்பிக்கலாம். வரைந்த படத்தைச் சபையில் விளக்கிப் பேசுவது மொழிப்பாடமும் ஆகும். இவற்றால் ஒவ்வொரு மாணவனும் தச்சனாகவோ படவரைஞனாகவோ ஆகிவிடப் போவதில்லை. வீடமைப்புக் கூட்டத்தில் திட்டப்படம் மேசைமேல் விரிக்கப்படும்போது, அதனைத் தன் பக்கம் திருப்பி, சாளரம் எங்கே என்று கேட்கும் ஒருவர் ஒவ்வொரு லயனிலும் இருப்பார். பாடசாலையிடம் நாம் எதிர்பார்ப்பது அதுவே.