கடதாசி ஆலையின் கணக்கும் காட்டின் கணக்கும்

பின்லாந்தின் வடபகுதியில், பொத்னியா வளைகுடாவின் கரையிலே அமைந்துள்ள சிறிய துறைமுக நகரம் கெமி. நூறாண்டுகளுக்கும் மேலாக மரத்தை நம்பியே வாழ்ந்துவரும் ஊர் இது. 2021ஆம் ஆண்டில் ஸ்டோரா என்ஸோ நிறுவனம் இங்கிருந்த வெய்ட்சிலுவோட்டோ ஆலையை மூடியது. அச்சுக் கடதாசிக்கான கேள்வி உலகெங்கும் சரிந்தமையே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. இம்முடிவினால் 670 பேர் வரை பாதிக்கப்படுவர் என அப்போது அறிவிக்கப்பட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2023இல், அதே நகரில் மெத்ஸா குழுமம் 200 கோடி யூரோ செலவில் புதிய கூழ் ஆலையொன்றை இயக்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 15 இலட்சம் தொன் கூழ் உற்பத்தி செய்யவல்ல இவ்வாலை, வழமையான இயக்கத்தில் நிலக்கரியோ எண்ணெயோ இயற்கை வாயுவோ பயன்படுத்தாது என்பது நிறுவனத்தின் பெருமிதம். ஆனால் அதற்குத் தேவைப்படும் மரமோ ஆண்டுக்கு ஏறத்தாழ 76 இலட்சம் கன மீற்றர். பின்லாந்து முழுவதிலும் ஓராண்டில் வெட்டப்படும் மரத்தின் பத்திலொரு பங்குக்கு இது ஈடாகும்.

புகை இல்லாத ஆலை, மரத்துக்கு ஓயாத பசி. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தாலன்றி இன்று பெருநிறுவனங்கள் வெளியிடும் காலநிலைத் திட்டங்களின் உண்மைப் பெறுமதியை நாம் அறிய இயலாது.

திட்டம் என்பது யாது?

2015ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின்னர், எந்த ஆண்டுக்குள் எவ்வளவு உமிழ்வைக் குறைப்போம், எவ்வாறு குறைப்போம் என நிறுவனங்கள் எழுத்தில் அறிவிக்கும் வழக்கம் பரவியது. ஸ்டோரா என்ஸோ 2019ஆம் ஆண்டு அளவிலிருந்து 2030க்குள் பாதியாகக் குறைப்பதாக அறிவித்தது. யூ.பி.எம். நிறுவனம் எரிபொருளாலும் வாங்கும் மின்சாரத்தாலும் எழும் உமிழ்வை, 2015உடன் ஒப்பிடுகையில் 2030க்குள் 65 வீதம் குறைப்பதாகக் கூறியது. 2030 முடிவில் தன் ஆலைகளில் நிலக்கரி, எண்ணெய் வகைகளே இரா என்றது மெத்ஸா.

இவ்வாறான திட்டங்களைப் பகிரங்கப்படுத்துமாறு கோரும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எனினும், 2025 பெப்ரவரியிலேயே இவ்விதிகளைத் தளர்த்தும் முன்மொழிவை ஐரோப்பிய ஆணைக்குழு வெளியிட்டமை கவனத்திற்குரியது.

ஆலையின் உள்ளே

கூழ் ஆலைகள் இவ்வாக்குறுதிகளை அளிப்பதில் வியப்பில்லை. மரச் சீவல்களை எரிசோடா முதலான இரசாயனங்களில் அவிக்கும்போது மரத்தின் ஏறத்தாழ பாதியே நாராகக் கிடைக்கின்றது. எஞ்சியது கரைந்து 'கறுப்புத் திரவம்' ஆகின்றது. அதனைச் செறிவாக்கி மீட்புக் கொதிகலனில் எரித்தால் இரசாயனங்கள் மீளக் கிடைக்கும். நீராவியும் மின்சாரமும் பிறக்கும். நவீன ஆலைகள் தம் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை விற்கவும் செய்கின்றன.

பெரும்பாலும் எண்ணெயையோ வாயுவையோ நம்பியிருந்தது சுண்ணாம்புச் சூளை ஒன்றே. 2017இல் ஆனெகோஸ்கி நகரில் திறக்கப்பட்ட ஆலையில், மரப்பட்டையிலிருந்து பெறப்படும் வாயு அந்த இடத்தையும் நிரப்பியது. இது மெச்சத்தக்க பொறியியல் சாதனையே. ஐயமில்லை.

பதிவாகும் இடம்

எனினும், மரக் கழிவை எரித்தாலும் புகைபோக்கி வழியே வெளியேறுவது காபனீரொட்சைட்டுத்தான். சர்வதேசக் கணக்கு விதிகளின்படி அது எரிசக்தித் துறையின் ஏட்டில் சுழியமாகவே எழுதப்படும். இது மோசடியன்று. மரம் வெட்டப்படும்போதே அந்த இழப்பு நிலப்பயன்பாட்டுத் துறையின் ஏட்டில் பதியப்படுவதால், ஒன்றை இருமுறை எண்ணாதிருக்கவே இவ்வேற்பாடு.

சிக்கல் யாதெனில், முதலாவது ஏடு நிறுவனத்தின் கையில். இரண்டாவது ஏடு அரசின் கையில். நிறுவனத்தின் இலக்கு நிறைவேறும் அதே ஆண்டில் நாட்டின் கணக்கு நட்டத்தில் வீழலாம்.

பின்லாந்தில் நிகழ்ந்தது இதுவே. நிலப்பரப்பில் முக்காற்பங்கு காடாகவுள்ள அந்நாட்டில், 2021ஆம் ஆண்டுக்கான நிலப்பயன்பாட்டுக் கணக்கு, உள்வாங்கியதைவிட உமிழ்ந்ததே அதிகம் எனக் காட்டியது. 2022இல் இது வெளியானபோது நாடே அதிர்ந்தது. மரங்களின் வளர்ச்சி மந்தமாகியிருந்தது, வெட்டுதல் மிகுந்திருந்தது. கடந்த நூற்றாண்டில் காடு வளர்ப்பதற்காக நீர் வடிக்கப்பட்ட சதுப்பு நிலங்களின் கரிமண் இன்றும் காபனை வெளியேற்றிக்கொண்டிருக்கின்றது.

2022இல் உக்ரைன் போரையடுத்து, பின்லாந்து பயன்படுத்திய மரத்தில் ஏறக்குறைய பத்திலொரு பங்காக இருந்த ரஷ்ய மரம் வராது நின்றது. உள்நாட்டு மரத்துக்கான போட்டி கடுமையாயிற்று. கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோ 1930களில் வடிவமைத்த கொட்கா நகரின் சுனிலா ஆலை 2023இல் கூழ் உற்பத்தியை நிறுத்தியது.

எவர் செலுத்துவது?

2035இல் உமிழ்வும் உள்வாங்கலும் சமநிலை அடைய வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டின் பின்லாந்துச் சட்டம். காடு உள்வாங்கும் என்னும் நம்பிக்கையின் மீதே அவ்விலக்கு எழுப்பப்பட்டது. ஐரோப்பிய விதிகளின்படி, நிலப்பயன்பாட்டில் குறைவுபட்ட நாடு பிற நாடுகளிடமிருந்து அலகுகளை வாங்கியோ வேறு துறைகளில் மேலதிகமாகக் குறைத்தோ ஈடுசெய்தல் வேண்டும். அச்சுமை அரச திறைசேரியின் மீதும், அதன்வழி அங்கு வரி செலுத்தும் ஒவ்வொருவர் மீதும், எம்மவர் உட்பட, விழும்.

நிறுவனங்களுக்கும் மறுமொழி உண்டு. காட்டின் பெரும்பகுதி அவர்களுடையதன்று, குடும்பங்களுடையது. மெத்ஸா குழுமமே ஏறத்தாழ 90,000 காட்டு உரிமையாளர்களின் கூட்டுறவுக்கு உரியது. வெட்டிய இடத்தில் புதுக் காட்டை உருவாக்குவது சட்டக் கடமை. ஆண்டு வளர்ச்சி இன்றும் வெட்டுதலை விஞ்சுகின்றது. இவை யாவும் மெய்யே. எனினும், எவ்வளவு மரம் எந்த விலைக்கு வேண்டும் எனத் தீர்மானிப்பது ஆலைதான். உரிமையாளர் அவ்விலையைப் பார்த்தே கோடரியை எடுக்கின்றார்.

ஆகவே, இத்தகைய திட்டமொன்றை வாசிப்போர் புகைபோக்கியைப் பற்றிய பக்கத்தோடு நின்றுவிடலாகாது. ஆண்டுக்கு எவ்வளவு மரம்? எந்த நிலத்திலிருந்து? கரிமண் காட்டை முற்றாக வெட்டுவதைத் தவிர்க்கும் உரிமையாளருக்குக் கூடுதல் விலை உண்டா? உற்பத்தியாவது எத்தகைய பொருள்? சர்வதேசக் கணிப்பில் கடதாசியின் அரை ஆயுள் 2 ஆண்டுகள். அரிந்த பலகைக்கோ 35 ஆண்டுகள். மூடப்படும் ஆலையின் தொழிலாளிக்குத் திட்டத்தில் ஒதுக்கப்பட்ட பணம் எவ்வளவு?

கெமியின் புதிய ஆலையில் பணிபுரிவோர் ஏறத்தாழ 250 பேர். வெய்ட்சிலுவோட்டோவில் வேலையிழந்த அனைவருக்கும் அங்கு இடமிருக்கவில்லை. மரங்களோ நாள்தோறும் வந்து குவிகின்றன. 2035க்கு இன்னும் பத்து ஆண்டுகள்கூட இல்லை. வடபுலத்தில் இன்று நாட்டப்படும் கன்றொன்று அதற்குள் ஓர் ஆளின் உயரத்தை எட்டினாலே பெரிது.