புகைமூட்ட நாளில் பிள்ளைகள் எதைச் சுவாசிக்கிறார்கள்?

மழை பெய்து ஓய்ந்த காலையில் செலாயாங்கிலிருந்து பார்த்தால் பத்துமலைச் சுண்ணாம்புக் குன்று பச்சையும் வெள்ளையுமாகத் துலக்கமாகத் தெரியும். புகைமூட்டம் சூழ்ந்தால் அதே குன்று முதலில் வெளிறும், பிறகு சாம்பல் நிறக் கோடாகும், கடைசியில் இருந்த இடமே தெரியாது. காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம். குன்றை மறைக்கும் அந்தத் துகள்களைத்தான் நாம் உள்ளே இழுக்கிறோம்.

உயிர்வளி குறைவதில்லை

உலர்ந்த காற்றில் 100-க்கு 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு உயிர்வளி, 1 பங்குக்குச் சற்றுக் குறைவாக ஆர்கான். கரிவளி 0.04 விழுக்காடுதான். புகைமூட்ட நாளில் உயிர்வளி தீர்ந்துபோவதால் மூச்சு முட்டுகிறது என்று மாணவர்கள் பலர் எண்ணுகிறார்கள். அப்போதும் உயிர்வளி ஏறக்குறைய அதே 21 பங்குதான். கெடுதல் செய்பவை, காற்றோடு புதிதாய்ச் சேர்ந்த பொருள்கள்.

அவற்றுள் மோசமானது பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ 30-இல் ஒரு பங்குதான் அதன் அளவு. பெரிய தூசியை மூக்கிலுள்ள முடியும் சளியும் பிடித்துக்கொள்ளும். இதுவோ நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வரை இறங்கிவிடும். மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இழுப்பு வருவதும், இதயநோய் உள்ள தாத்தாவுக்கு நெஞ்சு இறுகுவதும் இதனால்தான்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் புகை ஏன் தேங்குகிறது?

நாம் வாழும் அடிவளிமண்டலம் நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் உயரம் வரை பரந்திருக்கிறது. அதில் மேலே போகப் போக, கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. கெந்திங் மலையில் ஸ்வெட்டர் தேவைப்படுவது அதனால்தான். கீழே சூடான காற்று மேலெழும்போது புகையையும் தூசியையும் தூக்கிச் சென்று கலைத்துவிடும்.

காற்றசைவு இல்லாத இரவில் இந்த வெப்பநிலை வரிசை தலைகீழாகிறது. தரை குளிர, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும். அதன்மேல் வெப்பக்காற்று மூடிபோல் கவிந்துகொள்ளும். லாரிப் புகையும் குப்பை எரித்த புகையும் அதன் அடியில் அடைபட்டு, வெயில் ஏறும்வரை நம் மூக்கின் உயரத்திலேயே நிற்கும். விடியலுக்கு முன்பே லாரிகள் வந்துபோகும் பாசார் போரோங் மொத்தச் சந்தை வட்டாரத்தில் வசிப்போருக்கு இந்த வாடை பழக்கமானது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, சுமத்ராவின் கரிநிலத் தீயிலிருந்து எழும் புகையை மலாக்கா நீரிணை தாண்டிக் கொண்டுவருகிறது. கரிநிலம் தரைக்கடியில் கனன்று எரிவதால் சுடர் குறைவு, புகை அதிகம். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் தடுப்பதால் அந்தப் புகை பள்ளத்தாக்கில் தேங்குகிறது. 2005 ஆகஸ்ட்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டி, அவசரநிலை பிரகடனம் செய்யப்பட்டது. 2019 செப்டம்பரில் சிலாங்கூரில் பள்ளிகள் மூடப்பட்டன.

ஐ.பி.யு. எண்

சுற்றுச்சூழல் இலாகா வெளியிடும் காற்று மாசுக் குறியீடு (ஐ.பி.யு.) 50 வரை நல்லது, 100 வரை மிதமானது. 101-லிருந்து 200 வரை உடல்நலத்திற்குக் கேடு, 300 வரை மிகவும் கேடு, அதற்கு மேல் ஆபத்து. 100-ஐத் தாண்டினாலே திடலில் ஓட்டமும் காற்பந்தும் வேண்டாம். ஓடும் பிள்ளை வாயால் மூச்சிழுக்கும்; மூக்கின் வடிகட்டல் அங்கே பயன்படாது.

வீட்டில்

சன்னலைச் சாத்துங்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள் மூன்றையும் அந்த நாட்களில் ஒதுக்கிவையுங்கள்; மூடிய வீட்டுக்குள் அவற்றின் புகையும் நுண்துகள்தான். வெளியே போக நேர்ந்தால் முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 கவசம் அணியுங்கள். சாதாரண அறுவைக் கவசத்தின் ஓரங்கள் வழியே புகை நுழைந்துவிடும். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் பள்ளிப் பையில் இன்ஹேலர் இருக்கிறதா என்று காலையிலேயே பாருங்கள்.

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கினாலோ, உதடு நீலம் பூத்தாலோ காத்திருக்க வேண்டாம். 999-ஐ அழையுங்கள், அல்லது உடனே செலாயாங் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.