ஒலி நிரலும் கட்டிக் கொடுக்கும் கலையும்

கிரைண்டர் வாங்கக் கடைக்குச் செல்கிறோம். கல்லையும் மோட்டாரையும் பெல்ட்டையும் தனித்தனியே கையில் கொடுத்து, "வீட்டில் கொண்டுபோய்ப் பூட்டிக் கொள்ளுங்கள்" என்று கடைக்காரர் சொன்னால் எத்தனை பேர் வாங்குவோம்? புவிசார் குறியீடு பெற்ற கோவைக் கிரைண்டரின் பெருமை கல்லில் மட்டும் இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டி, பொத்தானை அழுத்தினால் சுற்றும்படி செய்ததிலும் இருக்கிறது. ஒலி நிரலாக்க மென்பொருளின் கதையும் இதுவே.

ஒலி நிரலாக்கம் என்றால் என்ன? இயற்பியல் பயிலும் நான் ஆய்வுக்கூடத்தில் சோனோமீட்டர் கம்பியை இசைக்கவையோடு ஒத்திசையச் செய்திருக்கிறேன். கணிப்பொறிக்குள்ளும் இவ்வாறு ஒலியை ஆளலாம். 'பியூர் டேட்டா' என்னும் மென்பொருளில் அலையியற்றிப் பெட்டி ஒன்றை இட்டு, 440 என்று எழுதி, ஒலி வெளியேறும் பெட்டியோடு கோடிட்டு இணைத்தால், நொடிக்கு 440 அதிர்வுகளுள்ள ஒலி எழும். ஆர்மோனியக் கட்டைகளைப் போலப் பன்னிரண்டு சுரத்தானங்களோடு நிற்க வேண்டியதில்லை. அதிர்வெண்ணை இழையிழையாக நகர்த்தலாம்; ஆகவே நம் கமகங்களையும் ஆராயலாம்.

பாரிஸ் நகரின் இர்காம் நிறுவனத்தில் 1980களில் 'மேக்ஸ்' நிரலை உருவாக்கிய மில்லர் பக்கெட் என்பவரே 1990களில் பியூர் டேட்டாவையும் படைத்தார். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். விலையும் இல்லை.

ஆயினும் இடர் ஒன்று உண்டு. மூல மென்பொருள் சிறியது. பலர் எழுதிய துணை நூலகங்கள் ஆங்காங்கே சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடி எடுத்து உரிய இடத்தில் வைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பெட்டியின் ஓரம் விட்டுவிட்டுத் தெரியும்; ஒலி வராது. ஹான்ஸ்-கிறிஸ்டோஃப் ஸ்டெய்னர் முன்னின்று, இவற்றையெல்லாம் ஒரே கட்டாகச் சேர்த்து 'பிடி-எக்ஸ்டெண்டட்' என்று வழங்கினார். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அது எளிதாக நிறுவப்பட்டது. ஆனால் 2013க்குப் பின் புதிய பதிப்பு வரவில்லை. கணிப்பொறி மாறும்போதெல்லாம் கட்டையும் அவிழ்த்துப் புதிதாகக் கட்ட வேண்டும். அச்சுமை ஓரிருவர் தோளில் மட்டும் நிலைக்காது. பின்னர் 2016இல், நூலகங்களைத் தேடி இறக்கிக்கொள்ளும் வசதி பியூர் டேட்டாவுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பல கணினிகளில் 'பாஸ்' லினக்ஸ் இடம்பெற்றது. 'டெபியன்' என்னும் கட்டற்ற மென்பொருளை எடுத்து, இந்திய மொழிகளுக்கேற்ப சி-டாக் நிறுவனம் மறுபடி கட்டிக் கொடுத்ததே அது. எனவே இக்கலை நமக்குப் புதிதன்று.

விலையின்மை மட்டும் போதாது. ஆங்கிலக் குறிப்பைக் கண்டு நிறுவும் கட்டத்திலேயே ஒரு கிராமத்து மாணவி மூடிவிட்டால், அம்மென்பொருள் அவளுக்கு இல்லாததற்குச் சமம். பியூர் டேட்டாவோடு தமிழ் விளக்கவுரையையும், கலைஞர்களின் இசைவு பெற்றுப் பதிவு செய்த பம்பை, உறுமி, தவில் ஒலிகளையும் சேர்த்து ஒரே கட்டாக்கலாம். இயற்பியல், கணிப்பொறியியல், தமிழ்த்துறை மாணவர்கள் இணைந்தால் இயலும் பணி இது. ஆண்டுதோறும் அடுத்த வகுப்பார் அதைப் புதுப்பித்துவரின், அக்கட்டு நின்றுபோகாது என்பது என் துணிபு.